சாக்கடல் சுருள்களில் இயேசு இருக்கிறாரா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இல்லை. ஒரு இடத்தில்கூட இல்லை. இயேசு மட்டுமல்ல, யோவான் ஸ்நானன், பேதுரு, பவுல், யாக்கோபு என்று யாருமே இல்லை. சாக்கடல் கரைக் குகைகளில் கிடைத்த 900-க்கும் மேற்பட்ட பழைய யூதக் கையெழுத்துப் பிரதிகளில், வரலாற்று மனிதர்கள் இன்னார் என்று நாம் கண்டுகொள்ள முடிகிற பெயர்கள் சிலதான் வருகின்றன. தெமேத்திரியுஸ் என்ற கிரேக்க அரசன், ஷெலாம்சியோன் என்ற யூத அரசி, எமிலியுஸ் என்ற ரோமத் தளபதி, இப்படி. எல்லாரும் இயேசு பிறப்பதற்கு முந்தின ஆட்கள்.

அப்புறம் எதற்காக யூடியூபில் "வத்திக்கான் மறைத்த ரகசியம்" என்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள்? அதற்கும் ஒரு காரணம் இருக்கத்தான் செய்கிறது. பெயர்கள்தான் இல்லையே தவிர, பேச்சு அப்படியே இருக்கிறது. புதிய ஏற்பாட்டை வாசித்துப் பழகிய யாராவது இந்தச் சுருள்களின் மொழிபெயர்ப்பைப் புரட்டினால், எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இருக்கும். ஒளியின் பிள்ளைகள், புதிய உடன்படிக்கை, ஆவியில் எளிமையுள்ளவர்கள், பேலியாள் (சாத்தானுக்கு ஒரு பெயர்), கடைசி நாட்கள், வரப்போகிற மேசியா. அதுவும் எல்லாம் சிலுவைச் சம்பவத்துக்கு முன்பே எழுதப்பட்டவை. இதைப் பார்த்ததும் "ஆகா, இங்கிருந்துதான் கிறிஸ்தவம் கிளம்பியிருக்கிறது" என்று தோன்றாமல் இருக்காது. நானும் முதல்முறை வாசித்தபோது அப்படித்தான் நினைத்தேன்.

சுருள்கள் கிடைத்த கதையைப் பலரும் சொல்லிவிட்டார்கள், அதனால் சுருக்கமாக. 1946 கடைசியிலோ 1947 தொடக்கத்திலோ, சாக்கடலின் வடமேற்குக் கரையில் கும்ரான் என்ற பாழடைந்த இடத்துக்குப் பக்கத்தில், நாடோடி இடையர்கள் ஒரு குகைக்குள் கல்லெறிய, உள்ளே பானை உடைகிற சத்தம் கேட்டது. அவர்களில் ஒருவர் முகமது, பட்டப்பெயர் "ஓநாய்". பானைகளுக்குள் துணியில் சுற்றிய தோல் சுருள்கள். முதல் குகையிலிருந்து வந்த ஏழில் நான்கு, பெத்லகேமில் செருப்புத் தைத்துக்கொண்டு பழம்பொருளும் விற்ற ஒருவர் வழியாக எருசலேமில் இருந்த சிரியன் ஆர்த்தடாக்ஸ் பேராயர் மார் சாமுவேலிடம் போயின (கேரளத்தில் யாக்கோபாயா சபை என்கிறோமே, அதே மரபு). மற்ற மூன்றை எபிரேயப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுகேனிக் வாங்கினார். மார் சாமுவேல் தன் நான்கையும் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், கடைசியில் 1954 ஜூன் 1-ஆம் தேதி வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் ஒரு சின்ன விளம்பரம் கொடுத்தார்: விவிலியக் கையெழுத்துப் பிரதிகள் நான்கு விற்பனைக்கு, கல்வி நிறுவனத்துக்கோ சமய நிறுவனத்துக்கோ அன்பளிப்பாகக் கொடுக்க ஏற்றது. ஏதோ பழைய பீரோ விற்கிற மாதிரி. அதைப் பார்த்து, ஆள் வைத்து, 2,50,000 டாலருக்கு வாங்கியவர் அதே சுகேனிக்கின் மகன் யாதீன்.

1956 வரை மொத்தம் பதினோரு குகைகளில் சுருள்கள் கிடைத்தன. முழுசாகக் கிடைத்தவை கொஞ்சம்தான். ஏசாயா சுருள் ஒன்று ஏழு மீட்டருக்கும் மேல் நீளம், ஏறக்குறைய முழுசு. ஆனால் நான்காவது குகையில் கிடைத்ததெல்லாம் தூள், சுமார் 15,000 துண்டுகள், சிலது நகம் அளவு. எந்தத் துண்டு எதோடு சேரும் என்று கண்டுபிடிக்கவே ஆட்களின் ஆயுள் போயிற்று. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் சண்டைகள் பாதிக்கு இந்தத் தூள்தான் காரணம்.

சரி, சுருள்களில் என்னதான் இருக்கிறது? ஏறக்குறைய கால் பங்கு நம் பழைய ஏற்பாட்டு நூல்கள். எஸ்தர் மட்டும் அகப்படவில்லை, (எஸ்றாவையும் நெகேமியாவையும் ஒரே நூலாக எண்ணினால்) மற்றவையெல்லாம் ஏதோ ஒரு துண்டாவது இருக்கிறது. இன்னொரு பெரிய பங்கு, அந்தக் காலத்து யூதர்கள் பலரும் வாசித்த ஏனோக்கின் நூல், யூபிலி நூல் மாதிரியானவை. மூன்றாவது வகைதான் நமக்கு முக்கியம். ஒரு குறிப்பிட்ட குழு தனக்கென்று எழுதிக்கொண்டவை: தங்கள் சட்டதிட்டங்கள், தங்கள் துதிப்பாடல்கள், தங்கள் உரைகள், கடைசிப் போருக்கான படைத்திட்டம்கூட. இவற்றில் அவர்கள் தங்களை "யஹத்" என்று அழைத்துக்கொள்கிறார்கள், ஒன்றாய்ச் சேர்ந்தவர்கள் என்று பொருள்.

இந்த யஹத் யார்? பெரும்பாலான அறிஞர்கள் சொல்வது எசேனியர் என்று. யோசேபஸ் என்ற முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் தன் காலத்து யூதர்களிடையே பரிசேயர், சதுசேயர், எசேனியர் என்று மூன்று பிரிவுகள் இருந்ததாக எழுதுகிறார். பரிசேயரும் சதுசேயரும் சுவிசேஷங்களில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறார்கள், எசேனியர் ஒருமுறைகூட வருவதில்லை. எசேனியர் 4,000 பேருக்கு மேல் என்றும் சொத்தைப் பொதுவில் வைத்தவர்கள் என்றும் அவர் சொல்கிறார். ரோமர் பிளினி, சாக்கடலுக்கு மேற்கே பெண்கள் இல்லாமல், காசு இல்லாமல், ஈச்ச மரங்களோடு மட்டும் வாழும் எசேனியரைப் பற்றி எழுதுகிறார். இடமும் பொருந்துகிறது, பழக்கமும் பொருந்துகிறது. ஆனால் "எசேனியர்" என்ற சொல் சுருள்களில் இல்லவே இல்லை, அதனால் கும்ரான் வேறு, எசேனியர் வேறு என்றும், சுருள்களே எருசலேம் நூலகங்களிலிருந்து போர்ச்சமயத்தில் கொண்டுவந்து ஒளித்தவை என்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு எசேனியர் என்பதே நியாயமாகப் படுகிறது, ஆனால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யமாட்டேன்.

அவர்களுடைய சட்டச் சுருளை வாசித்தால் ஆட்கள் கண்முன் வந்துவிடுவார்கள். சேர வருகிறவனுக்கு இரண்டு வருஷ சோதனை. முதல் வருஷம் அவர்களுடைய சுத்தமான உணவைத் தொடக்கூடாது. இரண்டாம் வருஷம் அவன் சொத்தைக் கணக்கில் எழுதிக்கொள்வார்கள், ஆனால் செலவழிக்கமாட்டார்கள், ஆள் திரும்பிப் போனால் கொடுக்க வேண்டுமே. முழுசாகச் சேர்ந்த பிறகுதான் பொதுவில் கலக்கும். அப்புறம் தண்டனைப் பட்டியல். கூட்டத்தில் தூங்கினால் முப்பது நாள். கூட்டத்தின் நடுவில் துப்பினால் முப்பது நாள். அசட்டுத்தனமாகச் சத்தம்போட்டுச் சிரித்தால் அதற்கும் முப்பது நாள். இடது கையை ஆட்டிப் பேசினால் பத்து நாள். இப்படி ஒரு விதி எழுத வேண்டியிருந்தது என்றால், யாரோ ஒருவர் விடாமல் இடது கையை ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்.

இந்தக் குழு ஏன் வனாந்தரத்துக்குப் போனது என்பதற்கு ஒரு பெரிய காரணம் பஞ்சாங்கம். எருசலேம் ஆலயத்தில் நிலவை வைத்து நாள் கணக்கிட்டார்கள், வருஷத்துக்கு 354 நாள். இவர்களுக்கோ 364 நாள். ஏழால் சரியாக வகுபடும், அதனால் பண்டிகைகள் எப்போதும் ஒரே கிழமையில் வரும், பஸ்கா எப்போதும் செவ்வாய்க்கிழமை. வாக்கியமா திருக்கணிதமா என்று நம் வீடுகளில் நடக்கும் வாக்குவாதத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும், ஆனால் அங்கே விஷயம் இன்னும் கடுமை. தவறான நாளில் பலி கொடுத்தால் அது பலியே இல்லை. ஆக ஆலயத்தில் நடப்பது மொத்தமும் வீண்.

இது எவ்வளவு முற்றியது என்று ஒரு சம்பவத்தில் தெரியும். குழுவுக்கு ஒரு தலைவர் இருந்தார், பெயர் சொல்லாமல் "நீதியின் போதகர்" என்றே குறிப்பிடுகிறார்கள். அவருக்கு எதிரி "துன்மார்க்க ஆசாரியன்". இவன் போதகரைத் தேடி அவர் ஒதுங்கியிருந்த இடத்துக்கே வந்து, பாவநிவிர்த்தி நாளில், அவர்களின் உபவாச நாளில், அவர்களை விழுங்கப் பார்த்தான் என்று எழுதியிருக்கிறது. பிரதான ஆசாரியன் ஒருவன் வருஷத்தின் மிகப் புனிதமான நாளில் ஆலயத்தை விட்டுவிட்டு ஊர் சுற்றுவானா? மாட்டான். அவன் பஞ்சாங்கப்படி அன்று சாதாரண நாள். போதகரின் பஞ்சாங்கப்படி புனித நாள். இந்த ஆசாரியன் கி.மு. 152-இல் பதவிக்கு வந்த யோனத்தான் என்ற மக்கபேயர் தலைவனாக இருக்கலாம் என்பது பலருடைய கணிப்பு. அதாவது இயேசுவுக்கு ஒன்றரை நூற்றாண்டு முந்தின சண்டை.

இந்தச் சம்பவம் வருவது ஆபகூக் தீர்க்கதரிசியின் நூலுக்கு அவர்கள் எழுதிய உரையில். அவர்கள் உரை எழுதும் முறைக்கு "பெஷர்" என்று பெயர். நம் உரைகள் மாதிரியே மூலத்தில் ஒரு அடி, கீழே "இதன் பொருள்" என்று விளக்கம். ஆனால் நம் உரையாசிரியர் நூலாசிரியர் என்ன நினைத்தார் என்று தேடுவார், பெஷர் எழுதுகிறவருக்கு அந்தக் கவலையே கிடையாது. ஆபகூக்கிடம் கடவுள் எழுதச் சொன்னார், ஆனால் அது எப்போது நிறைவேறும் என்று அவருக்கே சொல்லவில்லை, எல்லா இரகசியமும் நீதியின் போதகருக்குத்தான் வெளிப்பட்டது என்று வெளிப்படையாகவே எழுதுகிறார்கள். அதனால் ஐநூறு சொச்சம் வருஷத்துக்கு முந்தைய பாபிலோனியர் இந்த உரையில் ரோமராகிவிடுவார்கள், பழைய வசனத்தின் "துன்மார்க்கன்" தங்கள் எதிரி ஆசாரியன் ஆகிவிடுவான். மத்தேயு சுவிசேஷத்தில் அடிக்கடி "தீர்க்கதரிசி உரைத்தது நிறைவேறும்படி இது நடந்தது" என்று வருமே, அதே புத்தி. எங்கள் காலம்தான் கடைசிக் காலம், எல்லா வசனமும் எங்களைப் பற்றித்தான்.

இதில் ஒரு வசனத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். "தன் விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்" என்பது ஆபகூக்கின் வரி. பவுல் ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதும்போது இதைத் தூக்கிப் பிடிக்கிறார்: பார்த்தீர்களா, நியாயப்பிரமாணம் (மோசேயின் சட்டம்) வேண்டாம், கிறிஸ்துவின்மேல் விசுவாசம் போதும். கும்ரான் உரையோ இதே வரிக்கு, யூதா வீட்டில் நியாயப்பிரமாணத்தைக் கைக்கொண்டு, படும் பாட்டினாலும் நீதியின் போதகர்மேல் வைத்த விசுவாசத்தினாலும் மீட்கப்படுகிறவர்கள் என்று பொருள் சொல்கிறது. ஒரே வசனம், இரண்டு பேருமே ஒரு மனிதர்மேல் வைக்கும் விசுவாசத்தை அதில் ஏற்றுகிறார்கள், ஆனால் ஒருவருக்கு நியாயப்பிரமாணம் உள்ளே, இன்னொருவருக்கு வெளியே.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது, பதம் பிரிக்கிற விஷயம். ஏசாயா 40-ஆம் அதிகாரத்தில் ஒரு குரல் கூப்பிடுகிறது. "வனாந்தரத்திலே" என்ற சொல்லை எங்கே சேர்ப்பது? "வனாந்தரத்திலே கூப்பிடுகிற சத்தம்: வழியை ஆயத்தம்பண்ணுங்கள்" என்று சேர்த்தால் குரல் வனாந்தரத்தில் இருக்கிறது, அது யோவான் ஸ்நானன், சுவிசேஷங்கள் இப்படித்தான் படிக்கின்றன. "கூப்பிடுகிற சத்தம்: வனாந்தரத்திலே வழியை ஆயத்தம்பண்ணுங்கள்" என்று சேர்த்தால் வேலையே வனாந்தரத்தில், ஆக மூட்டையைக் கட்டு. கும்ரான்காரர்கள் இப்படிப் படித்தார்கள். தாங்கள் ஏன் பாலைவனத்துக்குப் போகிறோம் என்பதற்குச் சட்டச் சுருளில் இந்த வசனத்தைத்தான் காரணமாகக் காட்டுகிறார்கள். ஒரு சொல்லை இந்தப் பக்கம் சேர்ப்பதா அந்தப் பக்கம் சேர்ப்பதா என்பதில் ஒரு குடியிருப்பே எழுந்துவிட்டது.

ஒற்றுமைகள் இன்னும் உண்டு. அரமேய மொழித் துண்டு ஒன்றில் "தேவனுடைய குமாரன் எனப்படுவான், உன்னதமானவருடைய குமாரன் என்று அவனை அழைப்பார்கள்" என்று வருகிறது, லூக்கா முதல் அதிகாரத்தில் தேவதூதன் மரியாளிடம் சொல்வதை அப்படியே ஞாபகப்படுத்தும் (ஆனால் துண்டு உடைந்திருப்பதால், அப்படி அழைக்கப்படுகிறவன் நல்லவனா, தன்னைக் கடவுளாக்கிக்கொண்ட கெட்ட அரசனா என்பதிலேயே தகராறு). இன்னொரு துண்டு, கர்த்தர் காயப்பட்டவர்களைக் குணமாக்குவார், மரித்தோரை உயிர்ப்பிப்பார், ஏழைகளுக்கு நற்செய்தி சொல்வார் என்கிறது. யோவான் ஸ்நானன் ஆளனுப்பி "வருகிறவர் நீர்தானா" என்று கேட்டபோது இயேசு கொடுத்த பதிலிலும் மரித்தோர் எழுந்திருப்பதும் ஏழைகளுக்கு நற்செய்தியும் அடுத்தடுத்து வருகின்றன. நற்செய்தி ஏசாயா 61-இல் உண்டு, மரித்தோர் எழுவது அங்கே இல்லை. இரண்டு இடத்திலும் அது கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, அப்படியென்றால் மேசியா காலத்தில் என்னென்ன நடக்கும் என்று ஜனங்களிடையே ஏற்கெனவே ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சொத்தைப் பொதுவில் வைப்பது அப்போஸ்தலர் நடபடிகளிலும் இருக்கிறது. அனனியா நிலத்தை விற்ற பணத்தில் கொஞ்சத்தை ஒளித்து, பேதுருவின் முன் செத்து விழுகிறான். கும்ரானில் சொத்து விஷயத்தில் தெரிந்தே பொய் சொன்னவனுக்கு ஒரு வருஷ விலக்கும் சாப்பாட்டில் கால் பங்கு வெட்டும். அனனியா அங்கே போயிருந்தால் பிழைத்திருப்பான், பசியோடு.

இப்போது கோட்பாடுகளுக்கு வரலாம். வேடிக்கை என்னவென்றால், இயேசு ஒரு எசேனியர் என்ற யோசனை சுருள்கள் கிடைப்பதற்கு ரொம்ப முன்பே இருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் பிரஷ்ய அரசன் பிரெடரிக்கே கடிதத்தில் அப்படி எழுதியிருக்கிறான். 19-ஆம் நூற்றாண்டில் ரெனான் என்ற பிரெஞ்சு அறிஞர், வெற்றி பெற்ற எசேனியம்தான் கிறிஸ்தவம் என்கிற மாதிரி எழுதினார். ஆக சுருள்கள் வெளியே வந்தபோது ஆட்கள் ஏற்கெனவே காத்திருந்தார்கள்.

1950-இல் துபோன் சொமேர் என்ற பிரெஞ்சுக்காரர், நீதியின் போதகர் இயேசுவுக்கு முன்மாதிரி என்றார். 1956-இல், சுருள்களைப் பதிப்பித்த குழுவிலேயே இருந்த அலெக்ரோ என்ற ஆங்கிலேயர் பிபிசி வானொலியில் பேசும்போது, போதகர் சிலுவையில் அறையப்பட்டார், சீடர்கள் அவர் திரும்பி வருவார் என்று காத்திருந்தார்கள் என்கிற அளவுக்குப் போனார். கூட வேலை செய்தவர்கள் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் போட்டார்கள், நாங்களும் அதே துண்டுகளைத்தான் பார்க்கிறோம், அப்படி எதுவும் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று. சுருள்களில் "மனிதரை உயிரோடு தொங்கவிட்ட கோபச் சிங்கம்" என்று ஒருவன் வருகிறான், அது 800 எதிரிகளைச் சிலுவையில் அறைந்ததாக யோசேபஸ் எழுதும் யூத அரசன் அலெக்சாந்தர் யன்னாய். அந்த வரியையும் போதகரையும் அலெக்ரோ முடிச்சுப் போட்டுவிட்டார்.

அமெரிக்கரான ஐசன்மன் வேறு வழியில் போனார். நீதியின் போதகர் என்பவர் இயேசுவின் சகோதரர் யாக்கோபு. சுருள்களில் வரும் "பொய்யின் மனிதன்" வேறு யாருமல்ல, நியாயப்பிரமாணம் வேண்டாம் என்ற பவுல். துன்மார்க்க ஆசாரியன், கி.பி. 62-இல் யாக்கோபைக் கொல்லவைத்த அனனுஸ். கேட்க அபாரமாக இருக்கும், பாத்திரங்கள் எல்லாம் கச்சிதமாக உட்காரும். ஆஸ்திரேலியாவின் தியரிங் அம்மையார் இன்னும் ஒரு படி மேலே போய், போதகர் யோவான் ஸ்நானன், துன்மார்க்க ஆசாரியன் இயேசு என்றார்.

இவற்றுக்கெல்லாம் ஒரே தடை, காலம். எழுத்து வடிவத்தை வைத்துப் பார்த்தாலும், 1990-களில் நடந்த கார்பன் சோதனைகளை வைத்துப் பார்த்தாலும், போதகரையும் ஆசாரியனையும் பொய்யனையும் பற்றிப் பேசும் அந்த ஆபகூக் உரைச் சுருள் கி.மு. முதல் நூற்றாண்டு வாக்கிலேயே வந்து நிற்கிறது. யாக்கோபு செத்தது கி.பி. 62. பிரதியே அவர் பிறப்பதற்கு முன்னால் எழுதப்பட்டதென்றால் அவருடைய மரணத்தை அது எப்படிச் சொல்லும்? ஐசன்மன் கார்பன் சோதனையையே ஏற்கவில்லை. அவர் இஷ்டம்.

இந்தச் சண்டைகளுக்கு எண்ணெய் ஊற்றியது பதிப்புத் தாமதம். நான்காவது குகைத் துண்டுகள் எட்டுப் பேர் கொண்ட ஒரு சின்னக் குழுவிடம் இருந்தன. அந்த இடம் அப்போது ஜோர்டானின் கையில் இருந்ததால் குழுவில் யூதர் ஒருவரும் இல்லை, கத்தோலிக்கக் குருமார் பலர் இருந்தார்கள். முப்பது, நாற்பது வருஷம் வெளியே விடாமல் வைத்திருந்தால் சந்தேகம் வரத்தான் செய்யும், கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. 1991-இல் கட்டு உடைந்தது. வாகோல்டர் என்ற பேராசிரியரும் அவர் மாணவர் அபெக்கும், குழுவினர் தங்களுக்காகத் தயாரித்து வைத்திருந்த சொல்லடைவை எடுத்து, எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்தச் சொல் என்று கணினியில் கோத்து மூலத்தையே திரும்ப உருவாக்கிவிட்டார்கள். அதே வருஷம் செப்டம்பரில் கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகம் தன்னிடம் இருந்த புகைப்படங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டது. வத்திக்கானை ஆட்டம் காணச்செய்யும் ஒரு துண்டும் அதில் இல்லை. தாமதத்துக்குக் காரணம் கஞ்சத்தனமும் சோம்பலும் 15,000 துண்டுகளும்தான் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் சூடு அடங்கவில்லை. அதே வருஷம் ஐசன்மனும் வைஸ் என்பவரும் ஆறு வரித் துண்டு ஒன்றைக் காட்டி, இதோ கொல்லப்பட்ட மேசியா என்றார்கள். எபிரேயத்தில் உயிரெழுத்துக் குறிகள் எழுதுவதில்லை. புள்ளி வைக்காமல் எழுதிய நம் ஓலைச்சுவடிகளில் எத்தனை பாடபேதம் வந்தது என்று தெரிந்தவர்களுக்கு ஆபத்து புரியும். அந்தத் துண்டில் இருக்கும் வினைச்சொல்லை, அதே எழுத்துகளை மாற்றாமல், "சபையின் தலைவரை அவர்கள் கொன்றார்கள்" என்றும் படிக்கலாம், "சபையின் தலைவர் அவனைக் கொன்றார்" என்றும் படிக்கலாம். சபையின் தலைவர் என்பது மேசியா. முதல் வாசிப்பில் சிலுவை, இரண்டாவதில் போர்வீரன். கெசா வெர்மெஸ் போன்ற சுருள் அறிஞர்கள் மேல் வரியைப் பாருங்கள் என்றார்கள். அங்கே இருப்பது காடு வெட்டப்படுவதையும் தாவீதின் தகப்பன் ஈசாயின் அடிமரத்திலிருந்து துளிர் எழும்புவதையும் சொல்லும் ஏசாயா வசனம், அதன் தொடர்ச்சியில் அந்தத் துளிர் துன்மார்க்கனைக் கொல்லும். ஆக இங்கே மேசியா கொல்கிறவர். இன்று பெரும்பாலோர் இப்படித்தான் படிக்கிறார்கள்.

இன்னொரு துண்டையும் சொல்லாமல் விட முடியாது. ஏழாவது குகையில் கிடைத்ததெல்லாம் கிரேக்கம். அதில் இருபது எழுத்துச் சொச்சம் மிஞ்சிய ஒரு பாப்பிரஸ் துண்டை 1972-இல் ஒகாலகன் என்ற ஸ்பானிய இயேசு சபைக் குரு, மாற்கு ஆறாம் அதிகாரம் என்றார். அந்தத் துண்டில் முழுசாக இருக்கும் ஒரே சொல் "கை", கிரேக்கத்தில் "உம்" என்று அர்த்தம். ஒரு "உம்"மை வைத்து ஒரு சுவிசேஷத்தைக் கட்ட வேண்டும். சிலர் இன்னும் நம்புகிறார்கள்.

சரி, இயேசு கும்ரானில் படித்தவர் இல்லை, போதகர் இயேசு இல்லை. அப்படியானால் அந்த ஒற்றுமைகள்? என் பதில் சாதாரணமானது: ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பிள்ளைகள். ஒரே ஏசாயா, ஒரே ரோமத் தொல்லை, எருசலேம் ஆலயத்தின்மேல் ஒரே மாதிரிக் கோபம், மேசியா இன்றைக்கோ நாளைக்கோ என்ற ஒரே எதிர்பார்ப்பு. சுருள்கள் கிடைப்பதற்கு முன்னால் யோவான் சுவிசேஷத்தின் ஒளி, இருள் பேச்செல்லாம் கிரேக்கத் தத்துவத்திலிருந்து வந்தது என்று நிறையப் பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள். யூதேயா பாலைவனத்தில், எபிரேயத்தில், அதே பேச்சு கிடைத்ததும் அந்த வாதம் பலவீனமாகிவிட்டது. கிறிஸ்தவத்தின் தனிச்சொத்து என்று நினைத்த பல சொற்கள் அந்த ஊரில் புழங்கிய சொற்கள். யோவான் ஸ்நானன் மட்டும் கொஞ்சம் யோசிக்கவைக்கிறார். கும்ரானிலிருந்து அதிக தூரமில்லாத யோர்தான் கரை, தண்ணீர்ச் சடங்கு, அதே ஏசாயா வசனம். அவர் கொஞ்ச காலம் அவர்களோடு இருந்திருக்கலாம் என்பவர்களை நான் மறுத்துப் பேசமாட்டேன். ஆனால் ஆதாரம் என்று ஒரு துரும்புகூட இல்லை.

இரண்டு பிள்ளைகளுக்கும் எங்கே ஒத்துப்போகவில்லை என்று பார்த்தால்தான் உறவு தெளிவாகத் தெரியும். கும்ரான் சட்டத்தின் முதல் பத்தியே ஒளியின் பிள்ளைகளை நேசி, இருளின் பிள்ளைகளைப் பகை என்கிறது. இயேசு மலைப்பிரசங்கத்தில் "உன் சத்துருவைப் பகைப்பாயாக என்று உரைக்கப்பட்டதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்" என்று சொல்லும்போது, பழைய ஏற்பாட்டில் அப்படி ஒரு கட்டளை கிடையாதே என்று விளக்கவுரைக்காரர்கள் காலகாலமாக முழித்திருக்கிறார்கள். இதோ, எழுதி வைத்திருந்த ஆட்கள் இருக்கிறார்கள். கடைசி நாட்களின் சபைக்கு யாரெல்லாம் வரக்கூடாது என்று இன்னொரு சுருளில் பட்டியல்: கால் முடவன், கை முடவன், குருடன், செவிடன், ஊமை, ஏனென்றால் சபையின் நடுவில் பரிசுத்த தூதர்கள் இருக்கிறார்கள். லூக்கா 14-இல் இயேசு விருந்துக்கு யாரைக் கூப்பிடச் சொல்கிறார்? ஏழைகள், ஊனர், சப்பாணிகள், குருடர். யாரோ அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தலைகீழாக வாசிக்கிற மாதிரி இருக்கிறது.

கடைசியாக ஒரு ஆடு. மத்தேயு 12-இல், ஓய்வுநாளில் குணமாக்கலாமா என்று கேட்டவர்களிடம் இயேசு திருப்பிக் கேட்கிறார்: உங்களில் ஒருவனுடைய ஆடு ஓய்வுநாளில் குழியில் விழுந்தால் தூக்கிவிடமாட்டானா? கேள்வியின் தோரணையே, ஆமாம், எல்லோரும் தூக்குவோம் என்கிற பதிலை எதிர்பார்க்கிறது. ஆனால் தூக்கமாட்டேன் என்கிறவர்கள் இருந்தார்கள். தமஸ்கு ஆவணம் என்று ஒரு நூல், 1890-களில் கெய்ரோவின் பழைய ஜெப ஆலயக் கிடங்கில் இடைக்காலப் பிரதியாகக் கிடைத்து, யாருடையது என்று தெரியாமல் கிடந்து, அப்புறம் கும்ரான் குகைகளில் அதே நூலின் பழைய பிரதிகள் வந்ததும் உரிமையாளர் தெரிந்தது. அதில் தெளிவாக இருக்கிறது: மிருகம் கிணற்றிலோ குழியிலோ விழுந்தால் ஓய்வுநாளில் தூக்காதே. மனுஷன் தண்ணீரில் விழுந்தால்? ஏணியோ கயிறோ கருவியோ கொண்டு தூக்காதே என்று அந்த நூல். முழுகிச் சாக விடுவதா என்று யாரோ கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் நான்காவது குகைத் துண்டு ஒன்றில் வழி சொல்லியிருக்கிறார்கள். மிருகத்தை விட்டுவிடு. மனுஷன் என்றால் உன் மேலாடையை அவனிடம் நீட்டு, அதைப் பிடித்து ஏறி வரட்டும். உடுத்தியிருக்கும் துணி கருவி ஆகாது.